பாத்திமாவின் அரவு எங்கே?

சென்ற தவணையில் எமது தமிழ் மன்றத்தின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதற்பெயரைச் சுருக்கும்போது வழமைபோல ‘எப்.’ என்று ஆங்கில எழுத்தைப் போடாமல், தமிழ் எழுத்தையே போட விரும்பினேன். உயர்தரத்தில் கற்கும் பைதன் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். ‘பாத்திமா ரிஸ்னா’ என்பது ‘ப. ரிஸ்னா’ என்று வந்தது.

“என்ட பேர்ட அரவு எங்க?” என்று கேட்டாள் தோழி. அந்த அரவைத் தேடிய கதைதான் இது.

நிரலாக்கத்தில் எழுத்துகளின் வரிசையைச் ‘சரம்’ என்போம். சரத்தைப் பிரிக்கவும் மாற்றி அடுக்கவும் முடியும். ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம்:

கண்டி-கட்டுகஸ்தோட்டை-அக்குறணை-மாத்தளை

சிறுகோடு வரும் இடமெல்லாம் வெட்டு என்று ‘ஸ்பிளிட்’ கட்டளையைக் கொடுத்தால், நான்கு ஊர்களும் ஒரு பட்டியலாகும். பட்டியலைத் தலைகீழாக்கி, ‘ஜொயின்’ கட்டளையால் மீண்டும் சிறுகோடிட்டு இணைத்தால், மாத்தளையிலிருந்து கண்டிக்குத் திரும்பும் பலகை தயார்.

இங்கே ஊர்ப்பெயர்கள் உடையவில்லை. சொல்லுக்குள்ளேயே கை வைத்தால்தான் சிக்கல். ‘கண்டி’ என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் ‘டிண்க’ என வரவேண்டும். பைதனோ ‘ிட்ணக’ என்று தருகிறது. ணகரத்தின் புள்ளி டகரத்தில் ஏறிவிட்டது. இகரக் குறி அநாதையாக முன்னே நிற்கிறது. நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. நாம் எண்ணினால் 3 எழுத்துகளே.

காரணம் யுனிகோட் முறையில் இருக்கிறது. அது ‘கண்டி’யை க, ண, புள்ளி, ட, இகரக் குறி என 5 அலகுகளாகச் சேமிக்கிறது. இலக்கணத்தில் ‘க்’ தனி மெய்; அதனோடு அகரம் சேர்ந்தால் ‘க’. கணினிக்கோ ‘க’ ஓர் அலகு. அதன்மேல் புள்ளி வைத்த ‘க்’ இரண்டு அலகு. நாம் படித்ததற்கு நேர்மாறு! ‘பா’ என்பதும் பகரம், அரவு என இரண்டு அலகு. முதல் அலகை மட்டும் கேட்டேன். அரவு பின்னால் நின்றுவிட்டது.

தீர்வு எளிது. சரத்தை ஒவ்வோர் அலகாகப் படிக்க வேண்டும். வருவது புள்ளியோ அரவோ கொம்போ வேறு உயிர்க்குறியோ என்றால், முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் பட்டியலைத் திருப்பினால் ‘டிண்க’ சரியாக வரும். பாத்திமாவின் முதல் எழுத்தும் ‘பா’ ஆகும். இதற்கென்றே ‘ஓபன்-தமிழ்’ என்ற இலவச பைதன் தொகுப்பும் உண்டு.

என் நிரலை நான் முதலில் ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்திருந்தேன். அங்கே ஓர் எழுத்துக்கு ஓர் அலகு; பிழை தெரியவே இல்லை. இப்போது எந்த நிரலை எழுதினாலும் முதலில் ‘பாத்திமா’ என்றுதான் தட்டச்சிட்டுப் பார்க்கிறேன்.