முதலில் கேட்க வேண்டியது: எது தவறும்?

லோபாக்கிலிருந்து சிரம்பான் டவுனுக்குக் காரில் புறப்படுகிறீர்கள். ஒரே ஒரு பார்க்கிங் இடம்தான் உங்கள் குறி. வழியில் பாதை சற்று விலகிவிட்டது. எப்படியும் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமென்று வேகத்தைக் கூட்டுகிறீர்கள். என்ன ஆகும்?

2019 செப்டம்பர் 7ஆம் தேதி நிலவில் இறங்க முயன்ற சந்திரயான்-2இன் விக்ரம் கலத்துக்கு ஏறக்குறைய இதுதான் நேர்ந்தது. வேகத்தைத் தணிக்க வேண்டிய ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசையைத் தந்தன. படமெடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருந்த கட்டத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு வேகமாகத் திரும்பித் திருத்த முயன்றபோது, மென்பொருளில் வைத்திருந்த வரம்பு இடம் தரவில்லை. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்டுவதற்காகத் தரைக்கு அருகிலும் கலம் வேகத்தைக் கூட்டியது.

இனி, அடுத்த கலத்தை வடிவமைக்கும் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த பிழைகளைத் திருத்திவிடலாம். தெரியாத பிழை ஒன்று வந்தால்?

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அவருடைய குழு எதிர்கொண்ட கேள்வி இதுதான். வெற்றியை எண்ணி வடிவமைக்காமல், எவையெல்லாம் தவறக்கூடும் என்று எண்ணி வடிவமைத்ததாக அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளமும் சுமார் 2.5 கிலோமீட்டர் அகலமும் கொண்டதாக விரிந்தது. எரிபொருள் கூடியது. நடுவிலிருந்த ஐந்தாவது இயந்திரம் நீக்கப்பட்டது. வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி சேர்ந்தது. இரண்டு இயந்திரங்கள் நின்றாலும் இறங்க வழி இருந்தது. பிறகு ஹெலிகாப்டரிலும் கிரேனிலும் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். நிலவின் மண்ணைப் போன்ற மண்ணுக்கு நாமக்கல் மாவட்டப் பாறை உதவியது.

இதில் என்னைக் கவர்ந்தது கருவிகள் அல்ல, அந்தக் கேள்விதான். வகுப்பில் செயல்திட்டம் பிசகினால் “யார் செய்தது?” என்றுதான் நானும் கேட்டு வந்திருக்கிறேன். அப்படிக் கேட்டால் மாணவர்கள் பிசகை மறைக்கத்தான் பழகுகிறார்கள். எது தவறும் என்று முன்கூட்டியே கேட்கும் குழுவிலோ, “இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்” என்று இளையவரும் வாய் திறக்கலாம்.

2023 ஆகஸ்ட் 23, மலேசிய நேரப்படி இரவு 8.34. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்களை வலுப்படுத்தியிருந்தார்கள். கலம் அதைவிட மெதுவாகவே நிலவைத் தொட்டது.