ரெண்டு வருஷமும் 'சராசரி' மழை… அப்புறம் ஏன் பயிர் போச்சு? மட்டு மதிப்பு சொல்லும் கணக்கு

அன்னவாசல் கடைவீதியில் டூவீலரோடு நிற்கிறீர்கள். சாலையின் ஒரு பக்கம் புதுக்கோட்டை, எதிர்ப்பக்கம் இலுப்பூர். எந்தப் பக்கம் 5 கி.மீ. போனாலும் வண்டி குடிக்கும் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றுதான். இலுப்பூர் பக்கம் போகிறோம் என்பதற்காக மீட்டர் பின்னோக்கி ஓடாது.

புதுக்கோட்டை திசையை +5 என்றும், இலுப்பூர் திசையை −5 என்றும் எழுதலாம். திசையை விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் பதில் 5. இதைத்தான் பாடப்புத்தகம் 'மட்டு மதிப்பு' என்கிறது; கல்லூரியில் 'மாடுலஸ்'. எழுதுவது |−5| = 5 என்று. இந்த இரண்டு கோடுகளை 1841-இல் பயன்படுத்தத் தொடங்கியவர் ஜெர்மன் கணித மேதை கார்ல் வையர்ஸ்ட்ராஸ்.

"மைனஸைத் தூக்கிட்டா முடிஞ்சது" என்று டியூஷனில் சொல்லித் தருவது பாதிதான் சரி. |x − 3| = 5 என்று வந்தால் அந்த வித்தை கைகொடுக்காது. '3-லிருந்து 5 தள்ளி இருக்கும் எண் எது?' என்று படித்துப் பாருங்கள். 8, −2 என இரண்டு விடையும் தானாக வரும்.

அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டத்தில் கி.மு. காலத்துத் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அறிவர் கோயிலில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு கி.மு. 100, கி.பி. 850 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி |−100 − 850| = 950. ஆனால் நம் காலண்டரில் 0 என்ற ஆண்டே கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. எனவே 949. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இது.

இனி மழைக்கு வருவோம். கண்மாயையும் வானத்தையும் நம்பிய புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது வயிற்றுப் பிரச்சினை. மழை வழக்கமான அளவிலிருந்து −19% முதல் +19% வரை விலகினால் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை 'இயல்பு' என்கிறது. அதாவது விலகலின் மட்டு மதிப்பு 19-ஐத் தாண்டக் கூடாது.

ஓர் உதாரணம். ஒரு வருஷம் மழை 40% அதிகம், மறு வருஷம் 40% குறைவு. +40-ஐயும் −40-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0. காகிதத்தில் எல்லாம் சுபம்! வயலில் நடந்ததோ வேறு. முதல் வருஷம் நாற்று தண்ணீரில் அழுகியது, அடுத்த வருஷம் கதிர் வரும் முன்பே காய்ந்தது. ப்ளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று விழுங்கியதில் விவசாயியின் இரண்டு நஷ்டமும் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டன.

மட்டு மதிப்பு எடுத்துச் சராசரி பார்த்தால் (40 + 40) ÷ 2 = 40. புள்ளியியலில் இதற்குப் பெயர் 'சராசரி விலக்கம்'. மழையை நம்பிக் கடன் கொடுப்பவரும் பயிர்க் காப்பீடு போடுபவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த 0-வை அல்ல, இந்த 40-ஐ.

அதற்காக 40-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு கண்மாய் மடையைத் திறப்பதா, அடைப்பதா என்று முடிவெடுக்க முடியாது. அங்கே மைனஸ் திரும்ப வந்தாக வேண்டும்.