வீலை மாற்றுகிறீர்களா? டயர் அளவைப் பார்த்து வாங்குங்கள்

பிக்கப் வண்டியின் இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். வீல் மாறினால் டயரின் அளவும் மாறலாம். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பாதிக்கப்படுவது பிரேக்கும், பாரம் தாங்கும் திறனும், காப்பீடும்.

எண்கள் சொல்வது என்ன?

டயரின் பக்கவாட்டில் 265/65 R17 112S என்று இருந்தால், அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ரிம் 17 அங்குலம். 112 என்பது பாரக் குறியீடு: ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். S என்றால் உச்ச வேகம் 180 கி.மீ.

வீல் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் மாறக்கூடாது. டொயோட்டா ஹைலக்ஸ் 265/65 R17, 265/60 R18 என்ற இரண்டு அளவுகளிலும் வருகிறது. கணக்கிட்டால் உயரம் 776, 775 மி.மீ. வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர்!

மாறாக, 215/75 R15 இருந்த இடத்தில் 235/75 R15 போட்டால் உயரம் 30 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசவும் கூடும்.

பாரத்தில் சமரசம் வேண்டாம்

விலை குறைவு என்று கார் டயரை லோடு வண்டியில் மாட்டுவது பெரிய ஆபத்து. குறியீடு 100 என்றால் 800 கிலோ. 93 என்றால் 650 கிலோதான். பின்னால் இரண்டு டயரிலும் சேர்த்து 300 கிலோ தாங்கும் திறன் போய்விடும். முழு லோடில், வெயிலில், டயர் வெடிக்க இது போதும். பழைய டயரின் குறியீட்டுக்குக் குறைவானதை வாங்கவே வாங்காதீர்கள். புது வீலும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கேளுங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முயலலாம். ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவருகே உள்ள ஸ்டிக்கரிலோ, வண்டியுடன் தந்த கையேட்டிலோ உள்ள அளவையே தேர்ந்தெடுங்கள்.

ஏமாந்தால் என்ன செய்யலாம்?

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தயாரிப்புத் தேதி என்ன என்று பாருங்கள். 2224 என்றால் 2024-ன் 22-வது வாரம். பில்லில் டயர் அளவு, பாரக் குறியீடு, வரிசை எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

தவறான டயரைத் தலையில் கட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ‘லோடு வண்டி வணிகத்துக்கானது, வழக்குப் போட முடியாது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரையும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.