யானை இல்லாத கட்டுத்தறி

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். “ஈய ஆலையைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க தம்பி. எங்க அண்ணன் வேலை பார்த்த ஆலை” என்றார். ஆலை அங்கே இல்லை. ஈயம் உருக்கிய ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் இருந்த மனையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கை, இல்லாத ஆலையைத்தான் காட்டியது. கிராமாட் என்ற மலாய்ச் சொல்லே புனிதராகப் போற்றப்படுபவரின் அடக்கத்தலத்தைக் குறிப்பது. மறைந்த ஒருவரின் நினைவைத்தான் இந்த வட்டாரமே பெயராகச் சுமக்கிறது.

அந்தக் கை ஏன் அங்கே போயிற்று? நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனை இதற்கு வெளிச்சம் தருகிறது. எலி ஓடித் திரியும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தார்கள். நினைவுக்கு வாசல்போல மூளையில் இருக்கும் என்டோரைனல் புறணியில், எலி அந்தப் பொருளை நெருங்கும்போது சில நரம்பணுக்கள் துடித்தன. பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு சில அணுக்கள் துடித்தன, பொருள் முன்பு இருந்த வெற்றிடத்தை எலி கடக்கும்போது! நாட்கள் கழிந்தும் துடித்தன. 2013இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ‘இங்கே இருந்தது, இப்போது இல்லை’ என்பதற்கென்றே உயிரின் உடம்பில் அணுக்கள் இருக்கின்றன.

துக்கத்தை ஆராயும் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி-ஃபிரான்சஸ் ஓ’கானர், 2022இல் வந்த தம் நூலில் இந்த எலிகளைப் பற்றிப் பேசுகிறார். அவர் பார்வையில் துக்கம் ஒருவகைக் கற்றல். நமக்கு வேண்டியவர் எங்கே இருப்பார், எப்போது வருவார், எவ்வளவு நெருக்கம் என்று மூளை ஆண்டுக்கணக்கில் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. சாவுச் செய்தி வந்த நாளிலேயே அது அழிந்துவிடாது. மாலையில் வாசல் கதவு அசைந்தால் காது அந்தச் செருப்புச் சத்தத்தைத் தேடும். தேடித் தேடி, கிடைக்காமல் கிடைக்காமல், வரைபடம் மெல்ல மாறும்.

நல்ல படைப்பாளிகள் இதை அணுவின் பெயர் தெரியாமலே எழுதியிருக்கிறார்கள். நெருங்கியவரின் சாவு ஒரு பாத்திரத்தை மாற்றுவதற்கு உதாரணம் கேட்டால் எல்லாரும் கண்ணகியைச் சொல்வார்கள். அது தீயின் வழி. என்னைக் கலங்கவைப்பவர் சங்கப் புலவர் பொத்தியார். வடக்கிருந்து, உண்ணாநோன்பில் உயிர்விடப் போன கோப்பெருஞ்சோழனோடு தாமும் சாகத் துணிந்தவர். மகன் பிறந்தபின் வா என்று அரசன் அனுப்பிவிட, அவன் இல்லாத உறையூருக்குத் திரும்புகிறார். மன்றம் அப்படியே இருக்கிறது. புறநானூற்றின் 220ஆம் பாட்டில் தம் அழுகைக்கு அவர் தேடும் உவமை, பல்லாண்டு சோறூட்டிக் காத்த யானையை இழந்த பாகன். அவன் அழுவது எதைப் பார்த்து? யானை கட்டியிருந்து இப்போது பாழாய் நிற்கும் தறியைப் பார்த்து. டிரான்ட்ஹெய்மில் துடித்த அணுவும் அதே இடத்தில்தான் துடித்தது.

இந்தப் பினாங்கை எழுதியவர்களிலும் அப்படி ஒருவர் உண்டு. 1920இல் பிறந்த ப. சிங்காரம், இளவயதில் சுமத்ராவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர். அங்கே மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தார். 1946இல் தமிழகம் திரும்பி, மறுமணம் செய்துகொள்ளாமல், மதுரையில் விடுதி அறையில் தனியாகவே வாழ்ந்தார். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. அதன் நாயகன் பாண்டியனுக்கு மனைவியோ குழந்தையோ இல்லை. தலைப்பிரசவத்தின் துயரத்தை அதில் தேடாதீர்கள். ஆனால் தெருக்களைப் பாருங்கள். மேடானின் கெசாவன் தெரு, பினாங்கின் வட்டிக்கடைகள், கடலில் தத்தளிக்கும் தொங்கான் மரக்கலம் எல்லாம் நேற்றுப் பார்த்தவைபோல் துல்லியமாக வருகின்றன. அங்கே நிற்கும் பாண்டியனின் மனமோ மதுரைத் தெருக்களிலும் சின்னமங்கலத்துச் சந்தையிலும் அலைகிறது. பாத்திரம் கடலுக்கு அப்பாலிருந்து மதுரையில் நடக்க, எழுதியவர் மதுரையிலிருந்து கடலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தார். அவர் துக்கம் அழுகையாக வராமல் ஊராக வந்தது என்றே நான் நம்புகிறேன். பாகன் தறியைப் பார்த்தான். சிங்காரம் தெரு தெருவாகத் தறிகளை நட்டு வைத்தார்.

அந்தப் பெரியவரிடம் நான் எதையும் திருத்தவில்லை. அவருடைய அண்ணன் வேலை பார்த்த ஆலையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினேன். நான் தேடிய வீடு அங்கேதான் இருந்தது.