இருமல் விட்டுச் சென்ற நலிவு
பெண்களின் இடுப்புத் தளத் தசைகளும் அவற்றைத் தேற்றும் முறையும்

நோய் நீங்குவது வேறு. நோயுற்றவர் தேறுவது வேறு. காய்ச்சல் தணிந்து, சளி வற்றி, சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்த பின்னரும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், உடல் பழைய நிலைக்கு மீளாமல் நலிந்து கிடப்பதுண்டு. கொரோனாத் தொற்றுக்குப் பின் உலகம் முழுவதும் இவ்வுண்மையை உணர்ந்தது. தொற்றுக் கண்டு ஏறத்தாழ 3 மாதங்கள் ஆன பின்னும் சோர்வு, மூச்சிரைப்பு, நினைவுத் தடுமாற்றம் போன்றவை காணப்பட்டு, அவை குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு காரணமும் புலப்படாவிடின், அதனைக் கொரோனாவுக்குப் பிந்திய நோய்நிலை எனக் கொள்ளவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது.

பேராக் மாநிலத்தாருக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 2006-ஆம் ஆண்டில் கடலோர ஊராகிய பாகான் பஞ்சோரிலும், அவ்வாண்டின் இறுதியில் கிந்தா மாவட்டத்திலும் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிட, மூட்டுவலி மட்டும் மாதக்கணக்கில் நின்று வருத்துவது அந்நோயின் இயல்பு. வைரஸ் நோய் சில வேளைகளில் வால் நீண்டதாக இருக்கும் என்பதை அன்றே பலர் தம் உடலால் அறிந்தனர்.

நீண்ட நோயைப் பற்றிப் பேசுவோர் சோர்வைப் பற்றிப் பேசுவர்; மூச்சைப் பற்றிப் பேசுவர். ஆனால் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிதல், அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போன்ற பாரம், அடக்க முடியாத உந்தல், இடுப்பின் உட்புறத்தில் வலி ஆகியவையே அவை. இவை வெட்கப்படத்தக்கனவும் அல்ல. வயதின் தலைவிதியும் அல்ல. பெரும்பாலும் இவை தசையின் நலிவு. தசையின் நலிவுக்குச் சிகிச்சை உண்டு. ஆயின் நெடுநோயால் இளைத்த உடலுக்கு அச்சிகிச்சையை எந்த அளவில் தருவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காம்பார்ப் பெண்களும் இந்நலிவும்

ஈயத்தால் வளர்ந்த ஊர் காம்பார். அதனைச் சூழ்ந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளேற்றிச் சுமந்த தாய்மார் பலர் இன்று முதியவர்களாகத் தாமான் வீடுகளில் வாழ்கின்றனர். பல பிள்ளைப்பேறு, பேற்றுக்குப் பின் விரைவிலேயே மீண்ட பாரவேலை, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் சுரப்புக் குறைவு ஆகிய மூன்றும் இடுப்புத் தளத்தைத் தளர்த்துவன. இத்தகைய உடலின்மீது ஒரு மாத இருமல் வந்து விழுந்தால் விளைவு என்ன என்பதை எளிதில் ஊகிக்கலாம். இளைய பெண்களும் இதற்கு விலக்கல்லர். ஒரு பிள்ளை பெற்றவர்க்கும், பெறாதவர்க்குங்கூட நீண்ட இருமல் இத்தொல்லையைத் தருதல் உண்டு.

இதனை மறைப்பதால் வரும் கேடுகளோ பல. கழிப்பறை கிட்டாத இடத்துக்குப் போக அஞ்சிப் பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். நம் நாட்டு வெயிலில் இது தீமையை இரட்டிப்பாக்கும். சிறுநீர் செறிவடைந்து பையை உறுத்துகிறது, உந்தல் மேலும் மிகுகிறது, மலம் இறுகுகிறது, முக்கி முக்கித் தசை மேலும் தளர்கிறது. பின்னர் நடையைக் குறைக்கிறாள். திருமண வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறாள். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதையும் நிறுத்திவிடுகிறாள். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ, “மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜந்தானே” என்றோ சொல்லிவிடுகின்றனர்.

தசையின் அமைப்பும் வேலையும்

இடுப்பெலும்புக் கூடு அடியில் திறந்த ஒரு கிண்ணம் போன்றது. அத்திறப்பை மூடி, முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை சேலைத் தூளி போலத் தொங்குவன இத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இத்தூளியே தாங்குகிறது. அவற்றின் வாயில்களை மூடவும் திறக்கவும் உதவுகிறது. இத்தசையில் இரு வகை இழைகள் உள்ளன. பெரும்பகுதி நாள் முழுவதும் மெல்லத் தாங்கி நிற்கும் இழைகள். எஞ்சியவை தும்மல், இருமல் வரும்போது சட்டென இறுகும் இழைகள்.

வயிற்றுக்குள் உள்ள அழுத்தத்தை மேலே உதரவிதானமும், முன்னே வயிற்றுத் தசைகளும், பின்னே முதுகுத் தசைகளும், கீழே இத்தளமும் சேர்ந்து ஆள்கின்றன. மூச்சை உள்ளிழுக்கையில் உதரவிதானம் கீழிறங்கும். தளமும் சற்றே கீழிறங்கி இடங்கொடுக்கும். மூச்சை விடும்போது இரண்டும் ஒருசேர மேலெழும். இந்த இசைவு கெட்டால் தளம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய இயலாது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் 38,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைக் கொண்டு வெளிவந்த ஆய்வொன்று, முதுகுவலியுடன் மிக நெருங்கிய தொடர்புடையவை உடற்பருமனும் உழைப்பின்மையும் அல்ல, மூச்சுக் கோளாறும் சிறுநீர் அடங்காமையுமே என்று காட்டியது. மூச்சும் தளமும் முதுகும் ஒரே குடும்பம் என்பதற்கு இது தக்க சான்று.

நெடுநோய் இக்குடும்பத்தை மூன்று வழியாகக் குலைக்கிறது. முதலாவது, இருமல். ஒவ்வோர் இருமலும் தளத்தின்மீது மேலிருந்து விழும் அடி. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் விழுந்தால் வலிய தசையும் களைக்கும். இரண்டாவது, மூச்சு. இரைப்புக் கண்டவர் அடிவயிறு வரை மூச்சை இழுக்காமல் மேல்மார்பால் ஆற்றிக்கொள்வர். உதரவிதானத்தின் அசைவு குறைய, தளத்தின் இயல்பான ஏற்றஇறக்கமும் குறைகிறது. மூன்றாவது, படுக்கை. பல வாரம் படுத்தவரின் தசைகள் யாவும் மெலிகின்றன. தளத்துக்கு மட்டும் விலக்கில்லை. அன்றியும், கொரோனாவுக்குப் பின் சிலருக்குச் சிறுநீர்ப்பை உந்தலும் இரவில் பலமுறை எழும் தொல்லையும் புதிதாகத் தோன்றியதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் 2020-இல் பதிவு செய்தனர்.

சிகிச்சையின் வரலாறு

இத்தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இதற்கு அடிகோலியது. தசை இறுகும் அளவைக் காட்டும் அழுத்தமானி ஒன்றையும் அவர் அமைத்தார். பெண் தன் கண்ணாற் காணாத தசையின் வலுவை முள்ளின் அசைவில் கண்டு பயிலலாம் என்பது அதன் பயன்.

அதன்பின் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. 2018-இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 31 சோதனைகளையும் அவற்றிற் பங்கேற்ற 1,817 பெண்களையும் ஒருங்கே வைத்து நோக்கியது. இருமல், தும்மலின்போது கசிவு உடையவர்களில் பயிற்சி செய்தோருள் 100-க்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி செய்யாதோருள் 100-க்கு 6 பேரே அவ்வாறு கூறினர். இச்சோதனைகள் நெடுநாள் வைரஸ் நோயால் சோர்ந்தவர்களுக்கென நடத்தப்பட்டவை அல்ல என்பதை மறக்கலாகாது. ஆகவே முறையை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, அளவை நோயாளியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிலும் முறை

முதலில் மூச்சு. முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுக்க வேண்டும். வயிறு உயரும், தளம் தளரும். மூச்சை விடும்போது தளம் தானே மேலெழுவதை உணரலாம். சில நாள் இது மட்டும் போதும்.

அடுத்து இறுக்கம். வாயு வெளியேறாமல் அடக்குவது போலப் பின்வாயிலை மூடி, அதே இழுப்பை முன்னோக்கிக் கொண்டுவந்து உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகலாகா, மூச்சை அடக்கலாகாது, கீழ்நோக்கி முக்குதல் கூடவே கூடாது. சில விநாடி இறுக்கி, அதற்குக் குறையாத நேரம் முழுவதும் தளர்த்த வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்வது தவறு. அது பை முழுவதும் காலியாவதைக் கெடுக்கும்.

மூன்றாவது, காலம் அறிந்து இறுக்குதல். இருமல் வரப்போகிறது என்று உணர்ந்தவுடன், இருமுவதற்கு முன்னரே தளத்தை இறுக்கிப் பிடிப்பது ஓர் எளிய உத்தி. சிறிதளவு கசிவுடைய முதிய பெண்கள் 27 பேர் ஒரு வாரம் இதைப் பயின்றதில் இருமலின்போது கசிவு பெரிதும் குறைந்ததாக அமெரிக்க மிச்சிகன் ஆய்வாளர்கள் 1998-இல் தெரிவித்தனர். நாற்காலியிலிருந்து எழும்போதும், அரிசிப் பையைத் தூக்கும்போதும் இதே உத்தி உதவும்.

எல்லாருக்கும் இறுக்கமே மருந்து என்று எண்ணுவது பெரும்பிழை. கசியுமோ என்று அஞ்சி நாள் முழுவதும் இறுக்கிப் பிடித்தவர்க்கும், வலியால் தசை சுருண்டவர்க்கும் தளம் தளர மறுக்கும். மூடிய கையை மேலும் மூட முடியாததுபோல, அத்தசை தேவையான நேரத்தில் இறுக இடமின்றிப் போகும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே முதல் சிகிச்சை. இறுக்கப் பயிற்சி வலியை மிகுவிக்கும். ஒருவர் எவ்வகையினர் என்பதைத் தேர்ச்சி பெற்ற சிகிச்சையாளரே சோதித்துச் சொல்ல வல்லவர். வயிற்றை இறுகக் கட்டிக்கொள்வதும் இதற்கு மாற்றாகாது.

அளவே மருந்து

நலமாக உள்ள பெண்ணுக்கு ஒரு தடவைக்கு 8 இறுக்கமாக நாளொன்றுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டியான ‘நைஸ்’ கூறும் அளவு. ஆனால் நெடுநோயாளிகளுள் பலருக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இன்று சற்று மிகுதியாக உழைத்தால் அதன் தண்டனை இன்றே வருவதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துப் படுக்கையில் தள்ளிவிடும். நாள்பட்ட சோர்வு நோயாளிகளுக்குப் படிப்படியாக உழைப்பை உயர்த்தும் பயிற்சித் திட்டத்தைத் தரலாகாது என்று அதே ‘நைஸ்’ 2021 அக்டோபரில் அறிவித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. “முயன்றால் சரியாகிவிடும்” என்னும் அறிவுரை இவர்களுக்குத் தீங்கு செய்யும்.

எனவே இத்தகையோர் படுத்த நிலையில் மூன்று நான்கு மென்மையான இறுக்கங்களுடன் தொடங்கலாம். அடுத்த இரண்டு நாள் உடல் எவ்வாறு இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். சோர்வு மிகாவிடில் அதே அளவைத் தொடர்ந்து, பின்னர் ஒன்றிரண்டு கூட்டலாம். மிகுந்தால் குறைத்துவிட்டு மூச்சுப் பயிற்சியோடு நிற்கலாம். ஒரு நாள் பயிற்சியை விட்டதனால் தசை கெட்டுவிடாது. தண்ணீரைக் குறைக்காமல், தேநீரையும் காப்பியையும் அளவோடு கொள்வதும், மலம் கழிக்கையில் சிறு முக்காலியில் கால்வைத்து அமர்வதும் துணையாவன.

உதவி கிடைக்கும் இடம்

காம்பாரில் அரசாங்க மருத்துவமனை உண்டு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை உள்ளது. அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளராகப் பார்க்க மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவரிடம் தொல்லையைச் சொல்லி, ‘பிசியோதெராபி’ பிரிவுக்குச் ‘சூராட் ருஜுக்கான்’ என்னும் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். இத்தசையை மலாயில் ‘ஒத்தோட் லந்தாய் பெல்விஸ்’ என்பர். இச்சொல்லைச் சொன்னால் கூச்சமான விளக்கம் பாதி குறையும். மூன்று நாள் குடித்த நீரையும், கழித்த வேளைகளையும், கசிந்த சமயங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நலம். பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம். உட்சோதனைக்கு நோயாளியின் இசைவு வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அது இல்லாமலும் சிகிச்சை தொடங்க முடியும்.

சிறுநீரில் இரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவரைக் காணவேண்டும். சிறுநீர் முற்றும் கழியாமை, தொடையிடுக்கில் உணர்விழப்பு, கால்களில் திடீர் வலுவின்மை ஆகியவை உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டிய குறிகள்.

இச்சிகிச்சைக்கு விலையுயர்ந்த மருந்தும் கருவியும் வேண்டுவதில்லை. பொறுமையும், சரியாகக் கற்றுக்கொடுப்பாரும், ஒரு பாயும் போதும். ஆனால் இவையனைத்துக்கும் முன்னே ஒரு சொல் வேண்டும். பெண் தன் மருத்துவரிடமோ, மகளிடமோ, கணவரிடமோ, “எனக்கு இப்படி இருக்கிறது” என்று சொல்லும் அந்த ஒரு சொல்லே சிகிச்சையின் தொடக்கம். அதைக் கேட்கும் வீட்டார் நகைக்காமலும் விரைவுபடுத்தாமலும் துணைநிற்பாராயின், தேறுதலுக்கு வழி பிறக்கும்.