ரோஜா எதைப் பிடித்து ஏறுகிறது?

வீட்டு வேலியில் கொடிரோஜா வளர்க்க ஆசையா? பாகற்கொடிக்கு இருப்பதுபோல் ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. வளைந்த முட்களைக் கொக்கிபோல் மாட்டித்தான் ஏறுகிறது. காகிதப்பூவின் முள், தண்டு உருமாறியது. ரோஜா முள்ளோ மேல்தோலிலிருந்து வளர்வது. பக்கவாட்டில் அழுத்தினால் கழன்றுவிடும்.

ஆகவே, கிளைகளை நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். நிமிர்த்தாமல் கிடையாகக் கட்டுங்கள். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. கிளை சாய்ந்தால் அந்த அடக்கம் தளரும்; கிளை நெடுகப் பூக்கும்.

மணம் வேண்டுமா? படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மணம் தரும் ஜெரானியால் உருவாக உதவும் ஒரு நொதியை 2015இல் ஆய்வாளர்கள் ரோஜா இதழில் கண்டறிந்தனர். மணமற்ற வகைகளில் அதன் செயல்பாடு மிகக் குறைவு. கண்ணுக்கு இது தெரியாது. காலையிலேயே நர்சரிக்குப் போய், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். மூக்குதான் உங்கள் ஆய்வுக்கருவி!