பகிடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது எப்படி?

தேத்தண்ணி வரட்டும். அதற்கிடையில் ஒரு கேள்வியைப் பார்த்துவிடுவோம். திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடம் ஒன்றில் கடற்படையினர் ஒரு கடல்சார் நூதனசாலை நடத்துகிறார்கள். கப்பற் சாமான்களைக் காட்சிக்கு வைப்பது பெரிய புதிர் அல்ல. வைத்த இடத்தில் கிடக்கும், பக்கத்தில் ஒரு அட்டையில் விபரம் எழுதிவிடலாம். பகிடிக்கு ஒரு நூதனசாலை கட்டினால் அதற்குள் எதை வைப்பது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில், 2018 ஓகஸ்டில் தேசிய நகைச்சுவை மையம் திறக்கப்பட்டது. தொலைக்காட்சிச் சிரிப்பு நடிகை லூசில் போல் 1911இல் பிறந்தது அந்த ஊரில்தான். உள்ளே போகும்போதே எந்த மாதிரிப் பகிடி உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டு, அந்த விருப்பத்தைப் பதிந்த மின்னணுச் சில்லு உள்ள கைப்பட்டி ஒன்றைத் தருகிறார்கள். நீங்கள் கிட்டப் போனதும் திரைகள் உங்கள் ரசனைக்கு ஏற்றதை எடுத்துப் போடும். கொச்சையான பகிடிகளுக்குக் கீழ்த்தளத்தில் ‘நீல அறை’ என்று தனி இடம். பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை.

இந்த இடத்துக்கு இரண்டு பேரை அனுப்பிப் பார்ப்போம். ஒருவர் நம்மைப் போல. மற்றவர் ‘ஸ்டாண்ட்-அப்’ கலைஞர், அதாவது வேடமும் துணை நடிகர்களும் இல்லாமல் மைக்குக்கு முன்னால் தனியாக நின்று சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். நாம் திரைகளைத் தேடிப் போவோம், சிரிப்போம். அவர் கடதாசிகள் இருக்கும் இடத்தில் நின்றுவிடுவார் என்பது என் ஊகம். ஏனென்றால் ஜோர்ஜ் கார்லினின் கடதாசிகள் அங்கேதான் இருக்கின்றன. 1937இல் பிறந்து 2008இல் மறைந்த கார்லின், அமெரிக்க மேடைப் பகிடியின் பெரிய கைகளில் ஒருவர். வானொலியில் சொல்லக்கூடாத சொற்களைப் பற்றிய அவருடைய பகிடி 1978இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் மனதில் தட்டியதையெல்லாம் துண்டுக் கடதாசிகளில் எழுதி, விடயவாரியாகப் பிரித்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பை மகள் கெலி கார்லின் இந்த மையத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பகிடி பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் தப்பான எண்ணம் இந்தக் கடதாசிகளுக்கு முன்னால்தான் ஆட்டம் காண்கிறது. மேடையில் நிற்கிறவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், அது பிறவியிலேயே வந்த வாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நாம் நினைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் பாடுபடுகிறார். அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜெரி சைன்பெல்ட் உலகப் புகழ் பெற்ற தொலைக்காட்சித் தொடரை முடித்த பின், பழைய பகிடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னச் சின்னக் கிளப்புகளில் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். 2002இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். அவ்வளவு பெரிய ஆள் நடு மேடையில் அடுத்த வரி மறந்து நிற்பார்.

அப்படி என்ன வேலை இருக்கிறது அதில்? நாமே ஒன்று செய்து பார்ப்போம். திருகோணமலையில் கோட்டைப் பக்கமும் பட்டணத்துக்குள்ளும் மான்கள் திரிவதும், கையில் இருக்கும் கடதாசியை இழுத்துச் சப்புவதும் ஊரார் அறிந்தது. அதை வைத்து ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘கந்தோருக்குக் கொண்டுபோன என்ர விண்ணப்பத்தை வாசல்ல நிண்ட மான் திண்டிட்டுது. கந்தோரில ஒருத்தரும் அதைப் பார்க்கேல்ல, மானாவது முழுசாப் பார்த்துது.’ பரவாயில்லை, ஆனால் சிரிப்பு வராது. மான் முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாம் தடவை மாற்றி எழுதுகிறார்: ‘விண்ணப்பத்தைக் கொண்டு கந்தோருக்குப் போனன். மூண்டு மாசம் அலைஞ்சன். கடைசியில அதை முதல் வரியிலயிருந்து கையெழுத்து வரைக்கும் எடுத்தது ஒரே ஒராள்தான்.’ இங்கே ஒரு மூச்சு விட வேண்டும். பிறகு, ‘வாசல்ல நிண்ட மான்.’ விடயம் அதேதான், மானை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். ‘ஒரே ஒராள்’ என்றதும் கேட்பவர் மனதில் ஒரு நல்ல கிளாக்கர் வந்து உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் மானை நிறுத்துவதுதான் பகிடி. கிளாக்கர் உட்காருவதற்கு நேரம் கொடுக்கத்தான் அந்த மூச்சு. குறைந்தால் அவர் வந்து சேரமாட்டார். கூடினால் கேட்பவரே மானைக் கண்டுபிடித்துவிடுவார்.

எவ்வளவு நேரம் விடலாம் என்று எந்தக் கடதாசியிலும் எழுத முடியாது. சபைதான் சொல்ல வேண்டும். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு பக்கம் நின்று ஒரே கதியில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலை கோணி மீன் போய்விடும். பகிடியின் ஒரு கயிறுதான் மேடையில் நிற்பவர் கையில். அதனால்தான் புதுப் பகிடியைச் சின்னக் கூட்டங்களில் மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறார்கள். இந்த மான் பகிடியையே கொழும்பில் சொல்லப் போனால், எங்கள் மான் கடதாசி தின்னும் என்று முதலில் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கப்படுத்தும்போதே கடைசி வரி வெளியே வந்துவிடும்.

ரொபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் சிரிப்பைத் தெருவில் வைத்தே ஆராய்ந்தார். கடைத்தொகுதிகளிலும் நடைபாதைகளிலும் ஆட்கள் இயல்பாகச் சிரித்த 1,200 சந்தர்ப்பங்களைக் குறித்தெடுத்தார். நூற்றுக்கு இருபதுக்கும் குறைவான சிரிப்புகளே பகிடி என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்தன. மற்றதெல்லாம் ‘சரி, பிறகு பார்ப்பம்’ என்பது போன்ற வெறும் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட, ஆட்களோடு இருக்கும்போது முப்பது மடங்கு சிரிக்கிறோம் என்றும் கண்டார். கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு தனியே போகிறவர், ரசனைக்கு ஏற்ற திரைக்கு முன்னால்கூட ஏன் புன்னகையோடு நின்றுவிடக்கூடும் என்பது இப்போது விளங்கும்.

எங்களிடம் அப்படி ஒரு நூதனசாலையில் வைக்க என்ன இருக்கிறது? நிறைய. கே. எஸ். பாலச்சந்திரன் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராக வந்து, வெறும் மேடையில் ஒரு பஸ்ஸையே சனத்தால் நிரப்பிக் காட்டினார். ஸ்டாண்ட்-அப் என்ற சொல் எங்கள் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த காரியம். வானொலியில் கலக்கிய கோமாளிகள் குழு 1976இல் திரைப்படத்துக்கும் போனது. மரைக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன் என்று ஆளுக்கொரு பேச்சு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் சாமான் வாங்கும் திருகோணமலையில் அந்தப் பேச்சுகளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கார்லினின் பைகளைப் போல இங்கே அடுக்கி வைத்தவர்கள் குறைவு. பிரதிகள் இடம்பெயர்வுகளில் போயின. ஒலிநாடாக்கள் பூஞ்சணம் பிடித்தன. 2005இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவமாக்கி வருகிறது, ஒலிப்பதிவுகளும் சேர்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலும் கோயில் திருவிழா மேடையில் பதிந்த கசெற் ஒன்று கிடக்கலாம். அதைக் கணினிக்கு மாற்றக் கொடுக்கும்போது, ‘இரைச்சலைத் துப்புரவாக்கித் தாறன்’ என்று கடைக்காரத் தம்பி சொல்லுவார். நாடாவின் சீறலை எடுக்கட்டும். சனம் சிரிக்கிற சத்தத்தில் கைவைக்க விடாதீர்கள். மற்றக் கயிறு அதில்தான் இருக்கிறது.